இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே

1970களின் முற்பகுதி. லிவர்பூல் நகரின் எவர்டன் அணி ஆடும் ஆட்டங்களைப் பார்க்க ஓர் ஆராய்ச்சியாளர் டேப் ரெக்கார்டரோடு வந்து உட்காருவார். பந்து எங்கே போகிறது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். ஒரே ஓர் ஆட்டக்காரரின் கால்களின் மீதுதான் அவர் கண் இருக்கும். நடக்கிறார், மெதுவாக ஓடுகிறார், பாய்கிறார், பின்பக்கமாக நகர்கிறார் என்று ஒவ்வோர் அசைவையும் ஒலிநாடாவில் சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொரு வேகத்திலும் அந்த ஆட்டக்காரரின் ஓர் எட்டு எவ்வளவு நீளம் என்பதை முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார். எட்டுகளின் எண்ணிக்கையை அந்த நீளத்தால் பெருக்கினால் ஓடிய தூரம் தெரிந்துவிடும். கேமராவும் செயற்கைக்கோளும் இல்லாமல், கண்ணையும் குரலையும் மட்டும் நம்பிச் செய்த வேலை அது.

அவர் பெயர் டாம் ரைலி. அயர்லாந்தில் பிறந்தவர். தொழில்முறைக் கால்பந்தை மற்ற உடலுழைப்பு வேலைகளைப் போல ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டு, அதன் பளுவை அளந்து முனைவர் பட்டம் பெற்றார். வாகன் தாமஸோடு சேர்ந்து 1976இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் கால்பந்து அறிவியலில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது. கோல்கீப்பர் தவிர்த்த ஓர் ஆட்டக்காரர் ஒரு போட்டியில் கடக்கும் தூரம் சராசரியாக 8.7 கிலோமீட்டர் என்றது அந்தக் கட்டுரை. அதில் மெதுவோட்டம் 37 விழுக்காடு, நடை 25 விழுக்காடு. முழுவேகப் பாய்ச்சல் 11 விழுக்காடுதான். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு கடக்கும் தூரம் 2 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஏறக்குறைய 90 வினாடிக்கு ஒருமுறை, 15 மீட்டர் அளவுக்கு ஒரு பாய்ச்சல். அதற்குப் பிறகு நடை, மெதுவோட்டம், மறுபடி பாய்ச்சல்.

மாரத்தான் ஓட்டத்துக்கும் நூறு மீட்டர் ஓட்டத்துக்கும் உள்ள உடலியல் கணக்குகள் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாமல் போனதன் காரணம் இதுதான். கால்பந்தில் ஒருவர் எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்பதைப் போலவே, ஓடி நின்ற பிறகு எவ்வளவு சீக்கிரம் மறுபடி ஓடத் தயாராகிறார் என்பதும் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளியில் தொடைத் தசைக்குள் என்ன நடக்கிறது? இதற்கு விடை காண உடலியலாளர்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. விடையின் முக்கியமான ஒரு துண்டைக் கண்டெடுத்தவர்களில் ஒருவர், திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பையும் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும் முடித்தவர்.

கதை மான்செஸ்டரில் தொடங்குகிறது. முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், அங்கே உடலியல் பேராசிரியராக இருந்த ஆர்ச்சிபால்ட் ஹில் தன் முதுகில் ஒரு பெரிய பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் சுற்றிச் சுற்றி ஓடினார். அந்தப் பை 1911இல் கிளாட் டக்ளஸ் வடிவமைத்தது, காற்றுப் புகாத துணியால் ஆனது. மூக்கைக் கிளிப் போட்டு அடைத்து, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொள்ள வேண்டும். வால்வு வழியாக வெளிக்காற்றை இழுத்து, விடும் மூச்சைப் பைக்குள் அனுப்ப வேண்டும். குறித்த நேரம் ஆனதும் குழாயின் திருகை மூடி, பையில் சேர்ந்த காற்றின் கொள்ளளவையும் அதில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனையும் அளப்பார்கள். உள்ளே போனதிலிருந்து வெளியே வந்ததைக் கழித்தால், உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரியும்.

ஹில்லும் அவருடைய சகா ஹார்ட்லி லப்டனும் 1923இல் வெளியிட்ட முடிவுகள் விளையாட்டு உடலியலுக்கே அடித்தளம் போட்டன. ஓட்டத்தின் வேகம் கூடக்கூட உடல் எடுக்கும் ஆக்சிஜனும் கூடுகிறது, ஆனால் ஓர் அளவுக்கு மேல் அது ஏற மறுக்கிறது. அந்த உச்சத்தைத்தான் இன்று விளையாட்டு உலகம் விஓ2 மேக்ஸ் என்கிறது. அந்த உச்சத்தையும் தாண்டி ஒருவர் ஓடினால், உடல் கடன் வாங்குகிறது என்றார் ஹில். ஓட்டம் முடிந்த பிறகு மூச்சிரைக்க நிற்கிறோமே, அது அந்தக் கடனை அடைக்கும் நேரம். கடன் வாங்கியதன் சான்று, தசையில் சேரும் லாக்டிக் அமிலம் என்று அவரும் ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹாஃபும் நம்பினார்கள். தசை பற்றிய ஆராய்ச்சிக்காக இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கடன் என்ற எண்ணம் சரியானதுதான். எதைக் கடன் வாங்குகிறோம் என்பதில்தான் பிசகு இருந்தது.

அந்தப் பிசகை வெளிக்கொண்டுவந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால், ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் அவருக்குக் கிடைத்தது. 1923இல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கப்பலேறியவர், வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மருத்துவமனையில் கடைநிலை வேலை செய்தபடியே ஹார்வர்டில் படித்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸைத் துல்லியமாக அளக்கும் ஒரு முறையை 1925இல் உருவாக்கினார். கரைசலில் நீல நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தி பாஸ்பேட்டின் அளவைக் காட்டும். உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே அதைப் படிக்கிறார்கள். பூனையின் தசையில் இந்த முறையைப் பயன்படுத்தியபோது ஒரு விசித்திரம் தென்பட்டது. நீல நிறம் எதிர்பார்த்தபடி சட்டென்று வரவில்லை. நேரம் போகப் போக அடர்த்தி கூடிக்கொண்டே இருந்தது. தசைக்குள் ஏதோ ஒரு சேர்மம் மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். அதுதான் பாஸ்போகிரியாட்டின். 1927இல் அறிவித்தார்கள். லண்டனில் பிலிப், கிரேஸ் எகிள்டன் தம்பதியும் அதே சமயத்தில் அதே பொருளைத் தனியாகத் தொட்டிருந்தார்கள்.

தசையைத் தூண்டி வேலை வாங்கினால் பாஸ்போகிரியாட்டின் குறைகிறது. ஓய்வு கொடுத்தால் திரும்ப ஊறுகிறது. கால்பந்து உடலியலின் மையமே இந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. 1930இல் டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி நஞ்சூட்டப்பட்ட தசையும் சுருங்குகிறது, அப்போது செலவாவது பாஸ்போகிரியாட்டின்தான் என்று காட்டினார். லாக்டிக் அமிலக் கோட்பாடு விழுந்தது. ஹில் இதை எதிர்த்து மல்லுக்கட்டவில்லை. 1932இல் அவர் எழுதிய கட்டுரைக்குத் ‘தசை உடலியலில் புரட்சி’ என்றே தலைப்பிட்டார். தன் நோபல் பரிசுக்கு ஆதாரமான கோட்பாட்டின் வீழ்ச்சியைத் தானே புரட்சி என்று அறிவித்த அந்த மனத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

பிற்கால ஆராய்ச்சிகள் இன்னொன்றையும் தெளிவாக்கின. ஒரு பாய்ச்சல் ஓட்டத்தின் முதல் சில வினாடிகளுக்கு பாஸ்போகிரியாட்டின் பெரும்பங்கு சக்தியைத் தருகிறது. அந்த நேரத்தில் ஆக்சிஜனின் பங்கு சிறிது. ஆனால் செலவான பாஸ்போகிரியாட்டின் திரும்பி வர ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. தொடையைச் சுற்றி ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டால், எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தாலும் அது ஊறுவதில்லை. பட்டையைத் தளர்த்தியதும் ஊறத் தொடங்குகிறது. அரை நிமிடம் அளவில் பாதி மீள்கிறது. முழுவதும் மீளச் சில நிமிடங்கள் பிடிக்கும். ரைலி கண்ட 90 வினாடி இடைவெளியை இதோடு பொருத்திப் பாருங்கள். கால்பந்து ஆட்டக்காரருக்கு ஆக்சிஜன் மிகவும் தேவைப்படுவது, அவர் ஓடாமல் இருக்கும் நேரத்தில்.

கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொலிவியாவின் லா பாஸ் நகரம் இதை அணிகளுக்குக் கசப்பாகவே கற்றுக்கொடுத்தது. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தால் பாஸ்போகிரியாட்டின் ஊறும் வேகமும் குறையும். 2007இல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேலான இடங்களில் சர்வதேசப் போட்டிகளுக்குத் தடை விதித்தபோது பொலிவியா கொதித்தெழுந்தது. அதன் அதிபர் ஈவோ மொராலெஸ் 6,000 மீட்டர் உயரப் பனிமலையில் தானே பந்தாடிக் காட்டினார். தடையை எதிர்த்து லா பாஸில் வந்து ஆடியவர்களில் மரடோனாவும் ஒருவர். பின்னர், 2009 ஏப்ரல் 1 அன்று, அவர் பயிற்றுவித்த அர்ஜென்டினா அதே நகரில் 6-1 என்று தோற்றது. ஒரு தோல்விக்கு உயரம் மட்டுமே காரணமாகிவிடாது. ஆனாலும் அங்கே ஆடிய அணிகள் பலவும் சொல்லும் குறை ஒன்றுதான்: ஒருமுறை ஓடிவிட்டால், அடுத்த ஓட்டத்துக்குக் கால் வருவதில்லை.

ஆராய்ச்சியின் கதைக்குத் திரும்பினால், ஓடும் மனிதனின் தசைக்குள் எட்டிப்பார்க்க நெடுங்காலம் எளிய வழி இருக்கவில்லை. பயிற்சியாளர்கள் வெளியிலிருந்துதான் அளந்தார்கள். 1968இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் வெளியிட்ட 12 நிமிட ஓட்டச் சோதனையை, ராணுவ அதிகாரியான கிளாடியோ கூட்டின்யோ பிரேசிலுக்குக் கொண்டுபோனார். 1970இல் மெக்சிகோவில் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணியின் உடற்பயிற்சிக் குழுவில் அவரும் இருந்தார். ஆனால் 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்பது ஹில்லின் உச்ச அளவைத் தோராயமாகச் சொல்லும் கணக்கே தவிர, இடைவெளியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

தசைக்குள் நேரடியாகப் போனவர்கள் ஸ்காண்டிநேவியர்கள். சுவீடனின் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் 1962இல், தொடையில் மிளகளவு தசையைக் கிள்ளி எடுக்கும் ஊசி முறையைப் புதுப்பித்துக் கொடுத்தார். அதைக் கொண்டு 1970களின் தொடக்கத்தில் பெங்ட் சால்டின் கால்பந்து ஆட்டக்காரர்களின் தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு எப்படிக் கரைகிறது என்று பார்த்தார். குறைந்த சேமிப்போடு களமிறங்கியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக ஓடினார்கள், அதிகமாக நடந்தார்கள். கோபன்ஹேகனில் பீட்டர் க்ரூஸ்ட்ரப்பும் யென்ஸ் பாங்ஸ்போவும் இன்னும் ஒரு படி போய், நட்புப் போட்டிகளின் நடுவிலேயே ஆட்டக்காரர்களை வெளியே அழைத்துத் தசைத்துண்டு எடுத்தார்கள். 2006இல் வெளியான அந்த முடிவுகளின்படி, ஆட்டம் முடிந்தபோது தசை நார்களில் ஏறக்குறையப் பாதி, கிளைக்கோஜன் காலியாகவோ காலியாகும் தறுவாயிலோ இருந்தன.

பாங்ஸ்போ பணியாற்றிய ஆய்வுக்கூடத்தின் பெயர் ஆகஸ்ட் க்ரோ நிறுவனம். தசைக்குள் ரத்தத் தந்துகிகள் எப்படித் திறந்து மூடுகின்றன என்று கண்டறிந்து 1920இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோவின் பெயர் அது. பாங்ஸ்போ தானும் டென்மார்க்கில் கால்பந்து ஆடியவர். பின்னாளில் இத்தாலியின் யுவெண்டஸ் அணியில் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார். ஆட்டத்தின் உள்ளும் புறமும் தெரிந்த அவர் அமைத்ததுதான் யோ-யோ சோதனை. 20 மீட்டர் போய்த் திரும்ப வேண்டும், 10 வினாடி இடைவெளி, மறுபடி ஓட்டம். பீப் ஒலி சொல்லச் சொல்ல வேகம் கூடும். இந்திய ரசிகர்களுக்கு அந்தப் பெயர் கிரிக்கெட் அணித் தேர்வுச் சர்ச்சைகள் வழியாகத்தான் பழக்கம். அது பிறந்தது கால்பந்துக்காக. அதன் உயிர்நாடி அந்த 10 வினாடி இடைவெளி.

ஊசி ஒரு கணத்தைத்தான் பிடித்துக் கொடுக்கும். பத்து வினாடிக்கு ஒருமுறை தசையைக் கிள்ள முடியாது. அதைச் செய்ய ஒளி வந்தது.

தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பது மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம். ஹீமோகுளோபினைப் போலவே அதுவும் ஆக்சிஜன் ஏறினால் ஒரு நிறம், இறங்கினால் வேறு நிறம். 1937இல் கேம்பிரிட்ஜில் கிளென் மில்லிகன், பூனையின் காலிலுள்ள ஒரு சிவப்புத் தசைக்குள் ஒளியைச் செலுத்தி, அந்தத் தசை சுருங்கும்போதே நிறம் மாறுவதைக் கருவியில் பதிவு செய்தார். உயிருள்ள தசையில் ஆக்சிஜன் ஏறி இறங்குவதைக் கணத்துக்குக் கணம் பார்த்த முதல் சோதனைகளில் அதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, உயரப் பறக்கும் விமானிகள் மயங்கி விழாமல் காக்க, காதுமடலில் மாட்டும் ஒளிக்கருவி ஒன்றை அவர் செய்தார். ஆக்சிமீட்டர் என்ற பெயரை வைத்தவரும் அவரே. 1947இல் மலையேறும்போது நேர்ந்த விபத்தில் மாண்டுபோனார்.

அவருடைய முறைக்கு மெல்லிய தசையோ காதுமடலோ தேவைப்பட்டது. தடித்த தொடைக்குள் ஒளி எப்படிப் போகும்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ், இறைச்சியிலிருந்து எடுத்த ஓர் எலும்பை விளக்குக்கு எதிரே பிடித்தபோது அதன் வழியே செவ்வொளி கசிவதைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் தாண்டி, 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளி, தோலையும் எலும்பையும் ஊடுருவி ஆழத்தில் இருக்கும் ரத்தத்தின் செய்தியைக் கொண்டுவரும் என்று 1977இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்.

விளையாட்டு வீரர்களிடம் அதைக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் பென்சில்வேனியாவின் பிரிட்டன் சான்ஸ். இவரே ஒரு விளையாட்டு வீரர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் தங்கம் வென்றவர். 1992இல் அவரும் சகாக்களும், துடுப்புப் படகோட்டிகளின் தொடையில் ஒளிக்கருவியைக் கட்டிக் கடும் உழைப்பு வாங்கினார்கள். அவர்கள் முக்கியமாக அளந்தது, உழைப்பு நின்ற பிறகு தொடையில் ஆக்சிஜன் மீள எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை. கேள்வி மறுபடி இடைவெளிக்கே வந்து நின்றது.

இன்று அந்தக் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு வாங்கிவைத்த விரல் ஆக்சிமீட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விரல் கருவி தமனி ரத்தத்தைப் பார்க்கிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு அது 95க்கு மேலேயே நிற்கும், பாய்ந்து ஓடினாலும் பெரிதாக இறங்காது. தொடைக் கருவி தசைக்குள் இருக்கும் சிறு ரத்தக் குழாய்களையும் மயோகுளோபினையும் பார்க்கிறது. தொடையின் வெளிப்பக்கம் முடியை மழித்து, வியர்வை படாமல் பெட்டிக்கு உறை போட்டு, வெளியொளி புகாதபடி கறுப்புப் பட்டையால் இறுக்காமல் சுற்ற வேண்டும். பெட்டியின் ஒரு முனையிலிருந்து ஒளி தசைக்குள் போய், வளைந்து திரும்பி, சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் உணரியைத் தொடும். ஆட்டக்காரர் சும்மா நிற்கும்போது எண் 60, 70 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். விசில் ஊதி 30 மீட்டர் பாய்ந்ததும் கோடு சடாரென்று கீழே சரியும். நின்றதும் ஏறத் தொடங்கி, பல சமயம் தொடங்கிய இடத்தையும் தாண்டி மேலே போய்ப் பிறகு படியும். அடுத்தடுத்துப் பாயவிட்டால், ஒருவருக்குக் கோடு ஒவ்வொரு முறையும் நன்றாக மீள்கிறது. இன்னொருவருக்கு மூன்றாவது ஓட்டத்திலிருந்தே பாதி வழியில் நின்றுவிடுகிறது.

பிரான்சின் கிரெகோரி டுபோன் 2004இல் இந்த ஒளிக்கருவியைக் கொண்டு ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். 15 வினாடி கடும் உழைப்பு, 15 வினாடி இடைவெளி என்று மாறி மாறிப் போகும்போது, இடைவெளியில் உடலை அசைத்துக்கொண்டே இருப்பது நல்லதா, சும்மா இருப்பதா? சும்மா இருந்தவர்கள் கணிசமாக அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். அசைந்துகொண்டே இருந்தவர்களின் தசையில் ஆக்சிஜன் வேகமாக இறங்கியது. மீள வேண்டிய ஆக்சிஜனை அந்த மெதுவான அசைவே தின்றுவிட்டது. 2011இல் மார்ட்டின் புஷைட்டும் பியர் உஃப்லாண்டும், தாங்குதிறன் பயிற்சி பெற்ற பிறகு தொடர் பாய்ச்சல்களுக்கு நடுவே தசை ஆக்சிஜன் மீளும் வேகம் கூடுவதைக் காட்டினார்கள். தொலைதூர ஓட்டப் பயிற்சி கால்பந்துக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது நல்ல பதில்.

இந்தக் கேள்விகளின் அவசரம் கூடிக்கொண்டே போகிறது. இங்கிலாந்து பிரீமியர் லீகில் 2006-07 முதல் 2012-13 வரையிலான ஏழு பருவங்களை ஒப்பிட்ட ஆய்வு, ஒரு போட்டியில் கடக்கும் மொத்தத் தூரம் 2 விழுக்காடு அளவே மாறியிருக்க, அதிவேக ஓட்டம் ஏறத்தாழ 30 விழுக்காடும் பாய்ச்சல்களின் எண்ணிக்கை 85 விழுக்காடும் உயர்ந்ததைக் கண்டது. அதே 90 நிமிடத்துக்குள் பாய்ச்சல்கள் இப்படிப் பெருகினால் இடைவெளிகள் சுருங்கத்தானே வேண்டும்.

ஆனாலும் ஆக்சிஜன் பெட்டியை வாங்கிக் கட்டிவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று விற்பனை விளம்பரங்கள் சொல்வதை நம்பக் கூடாது. ஒளி முதலில் தோலடிக் கொழுப்பைக் கடந்தாக வேண்டும். கொழுப்பு தடித்திருந்தால் தசையின் குரல் மங்கிவிடும். பெண் ஆட்டக்காரர்களை அளக்கும்போது இது பெரிய சிக்கல். தோலின் நிறமும் ஒளியை விழுங்கும். விரல் ஆக்சிமீட்டர் கருநிறத்தோர் உடலில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த எச்சரிக்கை தொடைக் கருவிக்கும் பொருந்தும். மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் ஆட்டக்காரர்களுக்கு இது முக்கியம். ஹீமோகுளோபினையும் மயோகுளோபினையும் கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது. அது பார்ப்பதும் ஒரே தசையின் சிறு பகுதியை மட்டுமே. போட்டிகளில் ஆட்டக்காரர்கள் உடலில் அளவுக் கருவி அணிய 2015இல் விதி அனுமதித்தாலும், மோதலும் விழுகையும் நிறைந்த ஆட்டத்தில் தொடைப் பெட்டி பெரும்பாலும் பயிற்சியோடு நின்றுவிடுகிறது.

ஆகவே ஓர் ஆட்டக்காரரின் 30ஐ இன்னொருவரின் 40ஓடு வைத்து யார் சிறந்தவர் என்று முடிவு செய்வது தவறு. அணித் தேர்வுக்கு இந்த எண்ணைப் பயன்படுத்துவது அநியாயமும்கூட. ஒரே ஆட்டக்காரரின் கோடு போன மாதம் எப்படி மீண்டது, காயத்திலிருந்து திரும்பிய பிறகு எப்படி மீள்கிறது என்று அவரோடு அவரையே ஒப்பிடும்போதுதான் இந்தக் கருவி தன் விலைக்கு மதிப்பான வேலையைச் செய்கிறது.

கருவி வாங்க வசதியில்லாத பயிற்சியாளர்களுக்கும் இந்த வரலாற்றில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பாய்ந்து ஓடிவிட்டு நடந்து வரும் பையனையும் பெண்ணையும் சோம்பேறி என்று அதட்டி மெதுவோட்டம் ஓடச் சொல்லாதீர்கள். அரை நிமிடமாவது விடுங்கள், பிறகு விசிலடியுங்கள்.